எல்லாம் நம் கையில்தான், சிரித்தால் ஸ்ட்ரெஸ் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பங்சார் சவுத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கஸ்டமர் சப்போர்ட் பிரிவில் உங்களுக்கு ஷிப்ட் வேலை. வீடு செந்தூலில். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது நீங்கள். போன மாதம் கம்பெனி ஏற்பாடு செய்த பயிற்சியில் ஒருவர், 'லெஃப்கோர்ட் என்ற உளவியலாளரே ஆராய்ந்து சொல்லிவிட்டார், வாழ்க்கை உங்கள் கையில், சிரிக்கக் கற்றுக்கொண்டால் ஸ்ட்ரெஸ் ஓடிவிடும்' என்று பேசி, எல்லாரையும் கைதட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார். நீங்களோ ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிற ஆள். உங்கள் மனைவி மட்டும், 'நீங்க சிரிக்கல, தப்பிச்சு ஓடுறீங்க' என்கிறார். இது நிஜமான ஆராய்ச்சியா, பயிற்சி நடத்துகிறவர்கள் கட்டிய கதையா என்பது நீங்கள் எழுதிக் கேட்டது. எழுதாமல் கேட்டது இன்னொன்று உண்டு என்று எனக்குப் படுகிறது. எல்லாம் என் கையில் என்றால், நான் இப்படித் திணறுவதும் என் குற்றம்தானா?

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கோலாலம்பூரில் முதலில் அரசாங்க மருத்துவமனையில், பிறகு தனியாரில், பெரும்பாலும் நாட்பட்ட நோயாளிகளோடும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரோடும் வேலை செய்து வருகிறேன். ஆராய்ச்சிகளைப் படித்துப் பயன்படுத்துகிறவள், நடத்துகிறவள் அல்ல. உங்களையும் அப்பாவையும் நேரில் பார்க்காமல் எழுதுவதால், உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று நீங்கள்தான் சலித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெர்பர்ட் லெஃப்கோர்ட் நிஜமான ஆள்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் முனைவர் பட்டம் வாங்கிய ஒஹாயோ ஸ்டேட்டில் அப்போது ஜூலியன் ராட்டர் இருந்தார். வாழ்க்கையில் நடப்பதற்குக் காரணம் தன் செயலா, இல்லை அதிர்ஷ்டமும் பிறரும் விதியுமா என்று ஒரு மனிதர் பொதுவாக எப்படி நம்புகிறார் என்பதை அளக்க, 1966-இல் 29 ஜோடி வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டவர் ராட்டர். லோக்கஸ் ஆஃப் கண்ட்ரோல் என்று பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். லெஃப்கோர்ட் முதலில் நெடுங்காலம் ஆராய்ந்தது இதை. நகைச்சுவை பிறகுதான் வந்தது. பயிற்சிக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால், இரண்டும் ஒரே மருந்து மாதிரி உங்களுக்குக் கேட்டிருக்கும். தனித்தனியாகப் பார்ப்போம்.

'கையில் இருக்கிறது' என்ற நினைப்புக்கு நிஜமாகவே பலன் உண்டு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972-இல் வெளியிட்ட சோதனைகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஆட்களை உட்கார வைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி காது கிழியும் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, 'முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது' என்றார்கள். யாரும் அழுத்தவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே சத்தம். ஆனால் சத்தம் முடிந்த பிறகு கொடுத்த வேலையில், பட்டன் இருந்தவர்கள் கடினமான புதிர்களோடு கூடுதல் நேரம் மல்லுக்கட்டினார்கள், பிழை திருத்தும்போது குறைவாகவே கோட்டை விட்டார்கள். பட்டன் இல்லாதவர்கள் சத்தத்தின்போது சமாளித்துவிட்டு, பிற்பாடு தளர்ந்து போனார்கள். ஷிப்டில் வாடிக்கையாளர் திட்டுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டைக் காணோம் என்று பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வரும்.

வேலை இடத்தைப் பற்றிய சான்று இன்னும் கனமானது. லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், தங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதில் சொல்லுரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 1997-இல் வந்த முடிவு அது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் கட்டுப்பாடு என்பது வேலையின் குணம்: யார் ரோஸ்டர் போடுகிறார்கள், எப்போது ஓய்வு எடுக்கலாம், அடுத்து எதைச் செய்வது என்று யார் முடிவெடுக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி முதலாளியைப் பார்த்து 'வேலையை மாற்றி அமை' என்கிறது. பயிற்சி அறைக்கு வரும்போது அது எப்படியோ தொழிலாளியைப் பார்த்து 'உன் மனதை மாற்று' என்று ஆகிவிடுகிறது. இந்தத் திருகலைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். இன்னும் எரிச்சல் குறையவில்லை.

சந்தேகத்துக்குரிய பகுதி எங்கே தொடங்குகிறது என்றால், கையில் இல்லாததையும் இருப்பதாக நம்பச் சொல்லும்போது. மனிதர்களுக்கு இந்த நம்பிக்கை ஏற்கெனவே தாராளமாகவே இருக்கிறது. எல்லன் லாங்கர் 1975-இல் காட்டிய சோதனையில், ஒரே விலைக்கு வாங்கிய லாட்டரிச் சீட்டைத் திருப்பி விற்கக் கேட்டபோது, சீட்டைத் தாங்களே பொறுக்கி எடுத்தவர்கள் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். கையில் திணிக்கப்பட்டவர்கள் 1.96 டாலர். விபத்தில் நசுங்கிய காரின் நம்பரைப் பார்த்து ஓடிப்போய் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொய்யான கட்டுப்பாடு சில நேரம் தெம்பு தரும், லெஃப்கோர்ட்டே 1973-இல் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் கொடுத்துவிட்டுப் பறித்தால் என்ன ஆகும்? ரிச்சர்ட் ஷுல்ஸ் ஒரு முதியோர் இல்லத்தில், மாணவர்கள் எப்போது வந்து பார்க்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைச் சிலரையே முடிவு செய்ய விட்டார். அவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, வருகையும் நின்றது. பிறகு போய்ப் பார்த்தபோது, அந்த உரிமை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட மோசமாகச் சரிந்திருந்தார்கள். 1978-இல் வந்த அந்தப் பின்தொடர் கட்டுரையைப் படித்ததிலிருந்து, நோயாளியிடம் எதையும் 'உங்க இஷ்டம்தான்' என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் வீடுகளுக்கு இது முக்கியம். ராட்டரின் அளவுகோலில் 'எல்லாம் முருகன் விட்ட வழி' என்கிற ஆள் வெளிச் சக்தியை நம்புகிறவர் கணக்கில் போய்விடுவார், அதாவது கொஞ்சம் குறைந்தவர் என்ற தொனியில். ஹன்னா லெவன்சன் 1970-களிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். அதிர்ஷ்டத்தை நம்புவது வேறு, நம்மைவிட வல்லவர்கள் கையில் இருக்கிறது என்று நம்புவது வேறு. ராத்பாமும் வைஸும் ஸ்னைடரும் 1982-இல் இன்னொரு வாசலைத் திறந்தார்கள். உலகத்தை மாற்ற முடியாத இடத்தில் அதோடு பொருந்திப் போவதும் ஒரு வகைக் கட்டுப்பாடு என்பது அவர்கள் வாதம். பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர் எல்லாம் அவன் செயல் என்பார். ஆனால் விரதத்தை எப்போது தொடங்குவது, எத்தனை மணிக்கு ஆற்றங்கரைக்குப் போவது, யார் தண்ணீர் பிடிப்பது என்று எல்லாவற்றையும் அவரே பார்த்துப் பார்த்துச் செய்வார். அவரைக் கையாலாகாதவர் என்று எந்த அளவுகோல் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

இனி சிரிப்பு. லெஃப்கோர்ட்டும் அவருடைய மாணவர் ராட் மார்ட்டினும் 1983-இல் மூன்று ஆய்வுகளை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். ஒன்றில் கேள்வித்தாள். இன்னொன்றில் மேசைமேல் கிடந்த சாமான்களை வைத்து வேடிக்கையாகப் பேசச் சொன்னார்கள். மூன்றாவதில் மனதைப் பதற வைக்கும் ஒரு படத்தை ஓடவிட்டு, அதற்குச் சிரிப்பு வரும்படி வர்ணனை சொல்லச் சொன்னார்கள். கெட்டது நிறைய நடந்த வாழ்க்கையிலும், இக்கட்டில் நகைச்சுவையைத் தானாக உண்டாக்கத் தெரிந்தவர்களின் மனநிலை அந்த அளவுக்குக் கெடவில்லை என்பது முடிவு. யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பதும், தன் சிக்கலையே வேறு கோணத்தில் பார்த்து அதில் வேடிக்கையைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. அவர்கள் முக்கியமாகப் பேசியது இரண்டாவதைப் பற்றி. கைதட்டி 'ஹோ ஹோ ஹா ஹா' என்பது அங்கே எங்கும் கிடையாது. அது 1995-இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் பூங்காவில் தொடங்கிய சிரிப்பு யோகா. பயிற்சிக்காரர் இரண்டையும் ஒட்டுப்போட்டிருக்கிறார்.

இது எவ்வளவு உறுதி? பாதி உறுதி என்பேன். முதல் ஆய்வுகளில் இருந்தவர்கள் கனடாவின் பல்கலைக்கழக மாணவர்கள். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற குடும்பஸ்தர்கள் அல்ல. 1987-இல் போர்ட்டர்ஃபீல்ட் அதே கேள்வியை எடுத்துப் பார்த்தபோது, நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள் பொதுவாகச் சோர்வு குறைந்தவர்கள் என்று கண்டார், ஆனால் துன்பம் கூடும்போது அது தனியாகக் கேடயம் பிடிப்பதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நெசு குழுவினர் சில மாதங்கள் பின்தொடர்ந்து பார்த்ததில், மனச்சோர்வுக்குக் கேடயமாக இருந்தது, பதற்றத்துக்கு இல்லை. உடம்புக்கு என்று வரும்போது சான்று இன்னும் மெலிகிறது. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதே ராட் மார்ட்டின் 2001-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு உடல்நலத்தைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார். சிரிப்புப் படம் பார்த்தால் வலி தாங்கும் சக்தி கூடுகிறது, சரி. சோகப் படம் பார்த்தாலும் கூடுகிறது. தன் சொந்தத் துறையைப் பற்றி இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும். கலிபோர்னியாவில் 1921 முதல் பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் கணக்கு வேறு இருக்கிறது. சின்ன வயதில் கலகலப்பானவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் சொன்னவர்கள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமே இறந்திருந்தார்கள். 1993-இல் வெளிவந்தது அது. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல, எதுவும் முடிவானதல்ல.

டயாலிசிஸ் என்று நீங்கள் எழுதியதால் இதையும் சொல்கிறேன். நார்வேயின் ஒரு மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்த 41 பேரை இரண்டு ஆண்டுகள் பார்த்ததில், நகைச்சுவை உணர்வு கூடுதலாக இருந்தவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஸ்வெபாக் குழுவினரின் 2006 ஆய்வு. பயிற்சிக்காரர்கள் கண்ணில் இது படாமல் இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. 41 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. உடம்பு கொஞ்சம் தேவலாம் என்று இருப்பவருக்குத்தான் சிரிப்பும் வரும் என்பதை இவ்வளவு சிறிய ஆய்வை வைத்துத் தள்ளிவிட முடியாது.

உங்கள் மனைவி சொன்னதுக்கு வருகிறேன். மார்ட்டின் 2003-இல் 32 வாக்கியங்கள் கொண்ட இன்னோர் அளவுகோலைக் கொண்டு வந்து, நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்: கூடி இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வது, தனியாக இருக்கும்போதும் தன்னைத் தூக்கி நிறுத்துவது, பிறரைக் குத்துவது, தன்னையே மட்டம் தட்டிப் பிறரைச் சிரிக்க வைப்பது. கடைசி வகை அதிகம் உள்ளவர்களிடம் சோர்வும் பதற்றமும் கூடவே இருக்கக் காண்கிறார்கள். எது எதற்குக் காரணம் என்று இந்த ஆய்வுகளால் சொல்ல முடியாது. ஆனால் என் அனுபவத்தில் ஜோக் எந்த வகை என்பதைவிட, அதற்கு அடுத்த வாக்கியம் என்ன என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

டயாலிசிஸ் அறையில் ஊசி போடுவதற்கு முன், உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று தெரிய எடை பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். இரண்டு பெரியவர்கள், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒருவருக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. 'மிஸ்ஸி, உங்க தராசுக்கு வயசாயிடுச்சு, பென்ஷன் குடுத்து அனுப்புங்க' என்றார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சிரித்தார். பெரியவரே தொடர்ந்து, 'கல்யாண வீட்ல ரசம் நல்லா இருந்துச்சு, ரெண்டு டம்ளர் இறங்கிடுச்சு. இன்னிக்கு எவ்ளோ எடுக்க முடியுமோ பாருங்க, இந்த வாரம் நான் அடக்கிக்கிறேன்' என்றார். இன்னொருவருக்கும் அதே அளவு ஏற்றம். 'எப்படியும் சாகத்தானே போறோம் மிஸ்ஸி, தண்ணி குடிச்சே சாவோம்' என்றார். அந்த வரிசையே சிரித்தது, மிஸ்ஸியும் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவரிடம் யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க முடியாதபடி அவர் கதவைச் சாத்திவிட்டார். பிறகு அவர் மகள் என்னிடம் வந்தபோது சொன்னது, வீட்டில் அப்பா வாயே திறப்பதில்லை என்று. முதலாமவருக்கு ஜோக் விஷயத்துக்குள் நுழைய உதவியது. இரண்டாமவருக்கு அது விஷயத்தை முடித்து வைத்தது. இரண்டும் நல்ல ஜோக்குகள்தான், இரண்டாவது இன்னும் நன்றாகவே இருந்தது.

ஆகவே தம்பி, உங்களைப் பார்க்காமல் உங்கள் மனைவி சொல்வது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் பணம், அப்பா, ஷிப்ட் என்று ஏதாவது எடுக்கும்போது நீங்கள் ஒரு ஜோக் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு தொடர்கிறதா, நின்றுவிடுகிறதா? அவரும் கூடச் சிரிக்கிறாரா, நீங்கள் மட்டுமா? ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நின்றுவிடுகிறது என்றால் ஜோக்கை விட வேண்டாம். சொல்லுங்கள், சொல்லிவிட்டு 'சரி, இப்ப சொல்லு' என்று நீங்களே பேச்சைத் திருப்பி எடுங்கள்.

நிஜமாகவே உங்கள் கைக்கு வரக்கூடியது எது என்று பார்த்தால், எனக்கு முதலில் தெரிவது ரோஸ்டர். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றி அமைக்கச் சொல்லித் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 60P, 60Q என்ற பிரிவுகள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, மறுக்கலாம். ஆனாலும் டயாலிசிஸ் நாட்களில் நிலையான காலை ஷிப்ட் என்று குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

அப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு என்னென்ன முடிவுகள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது, அளவு கட்டிய தண்ணீரை எந்தெந்த நேரத்தில் குடிப்பது, எந்தப் பழத்தை எந்த நாளில் சாப்பிடலாம் என்று டயட்டீஷியனிடம் கேட்பது. இதையெல்லாம் அன்பினால் நாமே செய்துவிடுகிறோம். வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸ் அவருக்கு ஒத்து வருமா என்று சிறுநீரக மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே கேட்கலாம். ஆலன் கிறிஸ்டென்சன் இதைப் பற்றிச் செய்த ஆய்வுகளில், தன் சிகிச்சையில் தானே கைவைக்க விரும்பும் நோயாளிகள் தாங்களே செய்துகொள்ளும் முறையில் கட்டுப்பாடுகளை நன்றாகக் கடைப்பிடித்தார்கள். மற்றவர்கள் செய்துவிடுவதை விரும்புகிறவர்களுக்கு மையமே பொருத்தமாக இருந்தது. உங்கள் அப்பா எந்த ரகம் என்று உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியும். கட்டுப்பாடு நல்லது என்று அவர்மேல் திணிக்கவும் கூடாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அப்பாவுக்கோ உங்களுக்கோ, அதைச் சிரிப்பாலும் மனத்திடத்தாலும் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், சொன்னால் மேல்சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. செத்தால் தேவலை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அழையுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929 எந்நேரமும் எடுப்பார்கள்.

கைதட்டிச் சிரிக்கும் பயிற்சிக்கு மறுபடி கூப்பிட்டால், பிடித்தால் போங்கள். நாலு பேரோடு கொஞ்ச நேரம் உடம்பை அசைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. வருகைப் பதிவு எடுத்துக் கட்டாயப்படுத்தினால், அதையும் ரோஸ்டருக்காக எச்.ஆர்.-க்கு எழுதும் விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வயிற்று டயாலிசிஸ் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதினால், அதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் உதவும்.